ஓர் இலையேனும் வரைவோம்

பல இல்லங்களில் பரண்மேல் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். அதனுள்ளே, திருமணப் பத்திரிகைகளுக்கும் பள்ளிச் சான்றிதழ்களுக்கும் அடியில், நான்கு பக்கம் மட்டும் எழுதப்பட்ட ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். பங்குத் திருவிழாவுக்கென்று தொடங்கிய நாடகத்தின் முதற்காட்சி. மெட்டு அமைந்தும் பல்லவியோடு நின்றுபோன ஒரு பாடல். பாட்டனார் பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த வரலாற்றின் முதல் அத்தியாயம். ஐந்தாம் பக்கம் முதல் வெறுந்தாள். எழுதியவரைக் கேட்டால், "நேரம் எங்கே கிடைக்கிறது? பிள்ளைகள் படித்து முடிக்கட்டும், ஓய்வு பெற்றதும் எழுதிவிடுகிறேன்" என்பார். பிள்ளைகளும் படித்து முடிப்பார்கள், ஓய்வும் வரும், ஐந்தாம் பக்கம் மட்டும் வருவதில்லை.

இறைவன் தந்த திறமைகளுள் எத்தனையோ இவ்வாறு பரண்மேல் உறங்குகின்றன. அவற்றை எழுப்புவது எப்படி என்று கேட்பதற்கு முன், அவை ஏன் உறங்கின என்று பார்ப்பது நலம்.

சோம்பலா, அச்சமா?

இதனைச் சோம்பல் என்று கூறி முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்துக்கு உரியவரைச் சற்றுக் கவனிப்போம். அவர் விடியற்காலையில் எழுகிறார், பூசைக்குச் செல்கிறார், நாள் முழுதும் அலுவலகத்திலோ வயலிலோ பள்ளியிலோ உழைக்கிறார், அண்டை வீட்டில் துக்கம் என்றால் முதல் ஆளாய்ப் போய் நிற்கிறார். எழுத உட்காரும் நாளிலும் அவர் சும்மா இருப்பதில்லை. மேசையைத் துடைக்கிறார், பேனாவுக்கு மை நிரப்புகிறார், அலமாரியில் உள்ள நூல்களை ஒழுங்குபடுத்துகிறார், ஒரு மாதமாக எழுதாமல் விட்ட கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதி முடிக்கிறார். சோம்பேறி எந்த வேலையையும் தொடமாட்டான். இவரோ அந்த ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லா வேலைகளையும் தேடிப்பிடித்துச் செய்கிறார். அந்த ஒரு வேலையில் மட்டும் அவர் கையைப் பிடித்து நிறுத்துவது எது?

அச்சமே. மனத்துக்குள் இருக்கும்வரை பாடல் குறையற்றது. நாடகம் ஊரே எழுந்து நின்று பாராட்டக்கூடியது. தாளில் இறக்கிய மறுகணமே அது சாதாரணமாகத் தெரிகிறது. எழுதினால் பிறர் குறை சொல்லலாம். அதைவிடக் கொடியதாக, "நம்மால் இவ்வளவுதான் முடியும்" என்று நமக்கே தெரிந்துவிடலாம். எழுதாதவரை அந்த ஆபத்து இல்லை. "நாளை பார்த்துக்கொள்வோம்" என்று சொன்ன கணத்தில் நெஞ்சின் பாரம் இறங்குகிறது. அந்தச் சிறு நிம்மதியை மனம் நினைவில் வைத்துக்கொள்கிறது. மறுமுறை பேனாவை எடுக்கும்போது அதையே மீண்டும் நாடுகிறது. தள்ளிப்போடும் பழக்கத்தை ஆராய்ந்த உளவியல் அறிஞர்கள் பலரும் இன்று, இது நேரத்தைப் பங்கிடத் தெரியாமையால் விளைவது என்பதைவிட, மனத்துக்கு ஒவ்வாத உணர்வொன்றிலிருந்து தப்பும் முயற்சி என்றே கருதுகின்றனர்.

நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை நாம் அனைவரும் அறிவோம். ஐந்து பெற்றவனும் இரண்டு பெற்றவனும் வாணிகம் செய்து பெருக்கினர். ஒன்று பெற்றவன் மண்ணைத் தோண்டிப் புதைத்துவைத்தான். கணக்குக் கேட்டபோது அவன் சொன்ன காரணம், தான் அஞ்சியதாக. தலைவரோ அவனைச் சோம்பேறி என்றே கடிந்துகொண்டார். வெளியே சோம்பலாகத் தோன்றியதன் உள்ளே அச்சம் குடியிருந்ததை அவ்வுவமை ஒருசேரக் காட்டுகிறது. அவன் அந்தத் தாலந்தைக் களவாடவில்லை, செலவழித்து அழிக்கவுமில்லை, பத்திரமாகவே வைத்திருந்தான். அதுவே அவன்மேல் விழுந்த குற்றம்.

முப்பது ஆண்டு மறைந்திருந்த நூல்

இத்தகைய அச்சம் எளியவர்களுக்கு மட்டும் உரியதன்று. பூமி கதிரவனைச் சுற்றுகிறது என்று கணித்துக் காட்டிய கோப்பர்நிக்கஸ், இன்றைய போலந்தின் வட பகுதியில் உள்ள ஃபிராம்போர்க் நகரப் பேராலய அவையின் உறுப்பினராய் இருந்தவர். அவர் தம் கருத்தின் சுருக்கத்தை 1514-ஆம் ஆண்டுக்கு முன்னரே எழுதி, நண்பர் சிலருக்குக் கையெழுத்துப்படியாகக் கொடுத்துவிட்டார். ஆனால் முழு நூல் அச்சேறியது 1543-ல்தான். இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் கணக்கிட்டார், திருத்தினார், மீண்டும் திருத்தினார், வெளியிடவில்லை. புதுமையான கருத்தைக் கண்டு பிறர் ஏளனம் செய்வார்களே என்னும் அச்சம், தொடங்கிய பணியையே கைவிடும் அளவுக்குத் தம்மைத் தள்ளியதாக, அந்நூலைத் திருத்தந்தை 3-ஆம் பவுலுக்குக் காணிக்கையாக்கி எழுதிய முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

அவரை அசைத்தவர்கள் யார்? 1536-ல் கர்தினால் ஷோன்பெர்க் ரோமையிலிருந்து கடிதம் எழுதி, நூலின் படியை அனுப்பும்படி கேட்டார். அவர்தம் நெருங்கிய நண்பரான ஆயர் கீஸ் ஓயாமல் வற்புறுத்தினார். இறுதியாக 1539-ல், ரெட்டிக்கஸ் என்னும் 25 வயது இளைஞர், விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர், லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து அவரிடம் தங்கினார். கையெழுத்துப்படியை ஆர்வத்தோடு படித்தார். மறு ஆண்டே அதைப் பற்றித் தாம் ஒரு சிறு நூலை வெளியிட்டு உலகின் கருத்தை அறிந்து காட்டினார். அதன் பின்னரே முதியவரின் தயக்கம் நீங்கியது. 1543 மே 24-ஆம் நாள் கோப்பர்நிக்கஸ் இறந்தார். அச்சிட்ட நூல் அன்றுதான் அவர் கண்முன் வந்தது என்று ஆயர் கீஸ் எழுதிவைத்துள்ளார். இன்னும் சில திங்கள் தயங்கியிருந்தால் அதுவும் வாய்த்திராது.

பேராசிரியரின் பதினேழு ஆண்டுகள்

நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதையைத் திரைப்படமாகப் பார்த்தவர்கள் நம் இளைஞர்களுள் பலர் இருப்பர். அதனை எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஓர் ஆங்கிலக் கத்தோலிக்கர். 1892-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாய் மேபல் 1900-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தபோது உறவினர் பண உதவியை நிறுத்திக்கொண்டனர். இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில், 1904-ல், அந்தத் தாய் நீரிழிவு நோயால் மறைந்தார். அப்போது மூத்தவனுக்கு வயது 12. அவனையும் தம்பியையும் பொறுப்பேற்று வளர்த்தவர், கர்தினால் நியூமன் நிறுவிய பர்மிங்காம் ஓரட்டரியைச் சேர்ந்த பிரான்சிஸ் மார்கன் அடிகளார்.

பள்ளிப் பருவத்தில் டோல்கீனும் நண்பர் மூவரும், உலகுக்கு நன்மை தரும் அரிய படைப்புகளை ஆக்குவோம் என்று கனவு கண்டனர். முதல் உலகப் போர் வந்தது. 1916-ல் அந்நால்வருள் இருவர் போரில் மடிந்தனர். இறந்தவருள் ஒருவர், தாம் சொல்ல விரும்பியதைத் தமக்குப் பின் டோல்கீன் சொல்லவேண்டும் என்று கடிதம் எழுதிவைத்திருந்தார். ஆகவே எழுதுவது அவருக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று; செத்தவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடனுமாயிற்று.

எனினும் அவர் கை எளிதில் ஓடவில்லை. 1925 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். நான்கு பிள்ளைகளின் தந்தை. சம்பளம் போதாமல் கோடை விடுமுறைகளில் பள்ளித் தேர்வுத் தாள்களைத் திருத்திச் சம்பாதித்தவர். அவ்வாறு திருத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், மாணவன் ஒருவன் எழுதாமல் விட்ட வெற்றுப் பக்கத்தில் ஒரு வாக்கியத்தைக் கிறுக்கினார். அதுவே 'தி ஹாபிட்' என்னும் சிறுவர் கதையின் தொடக்கம். அதுவும் இறுதிப் பகுதி முடிவுபெறாமல் கிடந்தது. பதிப்பகப் பணியாளர் ஒருவர் படித்துவிட்டு முடித்துத் தரும்படி கேட்ட பின்னரே முடிந்தது. பதிப்பாளரின் பத்து வயது மகன் ரெய்னர் அன்வின் ஒரு ஷில்லிங் கூலிக்கு அதைப் படித்து, நன்றாயிருக்கிறது என்று தீர்ப்பு வழங்கினான். 1937 செப்டம்பரில் நூல் வெளிவந்தது.

தொடர்ச்சி வேண்டும் என்று பதிப்பாளர் கேட்க, அவ்வாண்டு டிசம்பரிலேயே டோல்கீன் எழுதத் தொடங்கினார். அது வெளிவந்து முடிந்ததோ 1954-லும் 1955-லும், மூன்று பகுதிகளாக. பதினேழு ஆண்டுகள்! இடையே இரண்டாம் உலகப் போர், வான்தாக்குதல் காவற்பணி, வகுப்புகள், நோய்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அவர் இயல்பும் ஒரு காரணம். ஓரிடத்தில் சிறு குறை கண்டால் முதல் அத்தியாயத்திலிருந்து திருத்துவார். கதை மாந்தர் இருண்ட சுரங்கம் ஒன்றில் ஒரு கல்லறையருகே வந்து நின்றபோது, கதையும் அங்கேயே ஏறத்தாழ ஓராண்டு நின்றுவிட்டது. அச்சுக்குப் போகும் தறுவாயிலும் அச்சம் விடவில்லை. தம் உள்ளத்தைப் பிறர் தாக்குவதற்குத் திறந்து வைத்தாற்போல் உணர்வதாக, 1953 டிசம்பரில் இயேசு சபையைச் சேர்ந்த நண்பர் ராபர்ட் மர்ரேக்கு எழுதினார்.

நிக்கிலின் மரம்

அந்த நெடிய ஆண்டுகளின் நடுவே, ஒருநாள் காலையில் கண்விழித்தபோது ஒரு சிறுகதை ஏறத்தாழ முழு வடிவில் அவர் மனத்தில் இருந்தது. சில மணி நேரத்தில் எழுதி முடித்தார். 1836-ல் தொடங்கப்பெற்ற 'டப்ளின் ரெவ்யூ' என்னும் கத்தோலிக்க இதழில் 1945 ஜனவரியில் அது வெளிவந்தது. பெரிய நூலை முடிக்கமுடியாமல் தவித்த ஒருவரின் உள்ளத்தை அதில் காணலாம்.

நிக்கில் என்பவர் ஓர் எளிய ஓவியர். சிறு சிறு காரியங்களிலேயே காலத்தைப் போக்குவதை அவர் பெயரே குறிக்கும். அவர் ஒரு நெடும்பயணம் போகவேண்டியிருக்கிறது. எந்நாள் என்று தெரியாது. போக விருப்பமும் இல்லை. அது எந்தப் பயணம் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காற்றில் ஆடும் ஓர் இலையை வரையத் தொடங்குகிறார். இலை மரமாகிறது, மரத்தின் பின்னே காடும் மலையும் தோன்றுகின்றன, ஏணி வைத்து ஏறி வரையும் அளவுக்குத் துணி விரிகிறது. ஒவ்வோர் இலையையும் பனித்துளியோடு தீட்ட விரும்புபவர் முழு மரத்தை என்று முடிப்பது?

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் ஊனம். படத்தில் அவருக்கு அக்கறையில்லை. நிக்கிலின் தோட்டத்துக் களைகளே அவர் கண்ணில் படும். புயல் வீசிய ஓர் இலையுதிர்காலத்தில் அவர் வந்து, மனைவிக்கு நோய் என்றும், கூரை ஓடுகள் பறந்துவிட்டன என்றும் சொல்லி உதவி கேட்கிறார். மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டே நிக்கில் கொட்டும் மழையில் சைக்கிளில் செல்கிறார்; காய்ச்சலில் விழுகிறார். எழுந்து தூரிகையைத் தொடுவதற்குள் பயணத்துக்கு அழைப்பு வந்துவிடுகிறது. படம் முடியவில்லை. அந்தப் பெரிய துணி ஒழுகும் கூரைக்கு ஒட்டுப்போடப் போய்விடுகிறது. ஒரே ஓர் இலை இருந்த சிறு துண்டை மட்டும் ஓர் ஆசிரியர் எடுத்து நகரக் காட்சிசாலையில் மாட்டிவைக்கிறார். பின்னர் அதுவும் தீயில் எரிந்துபோகிறது.

கதை அங்கே முடியவில்லை. பயணத்தின் அக்கரையில், நெடுநாள் உழைத்துத் தேறிய பின், நிக்கில் ஒரு பசும்புல் வெளியில் தம் மரத்தைக் காண்கிறார். வரைந்த படத்தையன்று, உயிருள்ள மரத்தை. அவர் தீட்டிய இலைகளும், தீட்ட நினைத்துத் தீட்டாத இலைகளும் அதில் இருக்கின்றன. அதனைத் தம் சாதனையென்று அவர் கருதவில்லை, கொடையென்றே ஏற்றுக்கொள்கிறார். பிறகு அந்த ஊனமுற்ற அண்டை வீட்டாரும் வந்துசேர, இருவரும் இணைந்து தோட்டமிட்டு அவ்விடத்தை நிறைவு செய்கின்றனர். அண்டை வீட்டாரின் பெயர் பாரிஷ். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் 'பங்கு' என்று பொருள்.

முழு மரம் நம் கையில் இல்லை. இன்றைய இலை மட்டுமே இருக்கிறது. தன்னம்பிக்கை குன்றியவர்களுக்கு இக்கதை தரும் ஆறுதல் இதுவே. நம் படைப்பு நிலைக்குமா, போற்றப்படுமா என்பதற்கான விடையை அறிந்துகொண்டுதான் தொடங்குவோம் என்றால் எவரும் எதையும் தொடங்க இயலாது. அந்தத் தீர்ப்பை அதற்குரியவரிடம் விட்டுவிட்டு, இலையைத் தீட்டுவதே நமக்குரிய வேலை.

காத்திருந்த ஒருவர்

நிக்கிலின் படம் முடியவில்லை. டோல்கீனின் பெருங்கதை முடிந்தது. ஏன்? அவருக்கு ஒரு நண்பர் வாய்த்திருந்தார். சி. எஸ். லூயிஸ் என்னும் அந்த நண்பரும் ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியரே. 1926-ல் இருவரும் அறிமுகமானபோது லூயிஸ் கடவுள் நம்பிக்கை அற்றவர். பின்னர்க் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பியதில் டோல்கீனுக்குப் பங்கு உண்டு. லூயிஸின் அறையில் வியாழக்கிழமை இரவுகளில் நண்பர்கள் கூடுவர். தத்தம் எழுத்தை வாசித்துக் காட்டுவர். லூயிஸ் புதிய அத்தியாயத்தைக் கேட்டு வாங்குவார். இல்லையென்றால், எங்கே என்று நச்சரிப்பார். தம்மிடம் செல்வாக்குச் செலுத்தியவர் அவர் அல்லர் என்றும், அவர் தந்தது தூய ஊக்கமே என்றும், நெடுங்காலம் அவர் ஒருவரே தமக்குக் கேட்பவராய் இருந்தார் என்றும், அவர் இல்லாவிடில் நூல் முடிந்திராது என்றும் டோல்கீன் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார்.

1944-ல் கதை மீண்டும் நின்றுபோயிருந்தபோது, மகன் கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். தந்தை அத்தியாயம் அத்தியாயமாக எழுதி மகனுக்கு அனுப்பினார். கதைக்காகக் கடல் கடந்த நாட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணமே பேனாவை நகர்த்தியது. டோல்கீன் 1973-ல் மறைந்தபோது முடிவுறாமல் விட்டுச்சென்ற பழங்கதைத் தொகுப்பை ஒழுங்குபடுத்தி 1977-ல் வெளியிட்டவரும் அதே மகன்தான்.

கோப்பர்நிக்கஸுக்கு ஒரு ரெட்டிக்கஸ். டோல்கீனுக்கு ஒரு லூயிஸ். அச்சத்துக்கு மருந்து துணிவு என்று சொல்வது வழக்கம். ஆனால் துணிவு பெரும்பாலும் தனியே பிறப்பதில்லை. நம் வேலைக்காக ஆவலோடு காத்திருக்கும் ஒருவரின் முகத்திலிருந்தே அது பிறக்கிறது.

நாளுக்கு இரண்டு மணி நேரம்

நண்பர் காத்திருந்தாலும், உட்காரவேண்டியவர் நாம்தான். எவ்வளவு நேரம்? அமெரிக்காவின் தென் மாநிலமான ஜார்ஜியாவில் வாழ்ந்த ஃபிளானரி ஓ'கானர் என்னும் கத்தோலிக்கக் கதாசிரியர் இதற்கு விடை தருகிறார். லூப்பஸ் என்னும் நோய், உடலின் காப்பு ஆற்றலே உடலைத் தாக்கும் நோய், 1941-ல் அவர்தம் தந்தையைப் பறித்தது. 25-ஆம் வயதில் அவரையும் பற்றியது. தாயோடு பண்ணை வீட்டில் தங்கி, மயில்கள் வளர்த்து, பின்னாளில் ஊன்றுகோல்களின் துணையோடு நடந்தார். காலைப் பூசை, பின்னர் எழுதும் மேசை. நோய் மிகுந்த நாள்களில் அந்த நேரம் இரண்டு மணியாகவும், ஒரு மணியாகவும் சுருங்கியது. பல நாள்கள் எதுவும் எழுத வராமலே கழியும் என்றும், எண்ணம் ஒன்று அந்நேரத்தில் வந்தால் அதை வரவேற்கத் தாம் அங்கே இருக்கவேண்டும் என்றும் அவர் கூறுவார். 1964-ல் தம் 39-ஆம் வயதில் இறந்தபோது இரண்டு புதினங்களையும் முப்பதுக்கு மேற்பட்ட சிறுகதைகளையும் விட்டுச்சென்றார்.

உள்ளக் கிளர்ச்சி வரும்வரை காத்திருப்பவர், மழை வந்த பின் ஏரிக்குக் கரை கட்ட நினைப்பவரைப் போன்றவர். கரை முன்பே இருக்கவேண்டும். குறித்த நேரமே அந்தக் கரை.

கடமையும் சாக்கும்

"நோயுற்ற கணவர், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், படுக்கையில் மாமியார். எனக்கு ஏது இரண்டு மணி நேரம்?" என்று ஒரு தாய் கேட்பது நம் செவியில் விழுகிறது. அக்கேள்வி நேர்மையானது. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது பேனாவை மூடிவைப்பது தள்ளிப்போடுதல் அன்று; அதுவே அந்நேரத்துக்குரிய வேலை. நிக்கில் மழையில் சென்றது வீண் போகவில்லை என்றே கதையும் கூறுகிறது. எந்த அண்டை வீட்டார் தடையாகத் தோன்றினாரோ, அவரே மரத்தைச் சுற்றிய தோட்டத்தை நிறைவு செய்யும் துணையானார்.

ஆனால் கடமையின் பெயரால் அச்சத்தை மறைப்பதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. காய்ச்சல் தணிந்து குழந்தை உறங்கிய பின், மீண்டும் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறோமா, அல்லது இன்னொரு வேலையைத் தேடுகிறோமா? திறந்தால் அது கடமை. தேடினால் அது சாக்கு. இரண்டு மணி இல்லாதவருக்கு இருபது நிமிடம் போதும். இருபது நிமிடத்தில் ஓர் இலை வரையலாம்.

நம் இல்லங்களில் செய்யக்கூடியவை

முதலாவது, வேலையைச் சிறியதாக்குவோம். "பங்கின் வரலாற்றை எழுதப்போகிறேன்" என்றால் கை நடுங்கும். "பழைய கோயில் மணி எப்படி வந்தது என்று முதியவர் சொன்னதை இன்று ஒரு பக்கம் எழுதுகிறேன்" என்றால் எழுதிவிடலாம்.

இரண்டாவது, முதற்படி மோசமாக இருக்க இடம் கொடுப்போம். தச்சர் மரத்தை அறுத்த பிறகுதான் இழைப்புளி பிடிக்கிறார். அறுக்காத மரத்தை எவரும் இழைப்பதில்லை. எழுதும்போதே குறை தேடினால் முதல் வரியைத் தாண்டமாட்டோம். எழுதும் நாள் ஒன்று, திருத்தும் நாள் ஒன்று என்று பிரித்துக்கொள்வோம்.

மூன்றாவது, ஒருவரிடமாவது சொல்லி வைப்போம். கணவர், மனைவி, நண்பர், பாடகர் குழுத் தோழர் எவராயினும் சரி. "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்களிடம் காட்டுகிறேன்" என்று வாக்களித்தால், ஞாயிறு வருவதற்குள் கை தானே நோட்டைத் தேடும்.

இனி, குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். படைக்கும் திறன் நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். காத்திருக்கும் திறன் எல்லாரிடமும் உண்டு. மகன் படம் வரைந்து காட்டும்போது, "இது சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டால், அவன் அதன்பின் எதையும் நம்மிடம் காட்டமாட்டான். "அடுத்தது எப்போது?" என்று கேட்டுப் பார்ப்போம். அந்த இரு சொற்கள் சில வேளைகளில் ஒரு வாழ்நாளின் போக்கையே மாற்றிவிடும்.

நம் பங்குகளிலும் இத்தகைய செல்வம் புதைந்து கிடக்கிறது. தவக்காலப் பழம்பாடல்களை மெட்டோடு அறிந்த மூதாட்டியர் இருக்கின்றனர். முன்னாளில் ஆடிய பாஸ்கு நாடகத்தின் வசனங்களை மனப்பாடமாய் ஒப்பிக்கும் முதியவர் இருக்கின்றனர். மூன்று குருக்களின் காலத்தையும் கண்ட உபதேசியார் இருக்கிறார். "நமக்கு என்ன எழுதத் தெரியும்?" என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்கின்றனர். அவர்கள் கண்மூடும் நாளில் அந்தப் பாடல்களும் அவர்களோடு அடக்கம் செய்யப்படும். எழுதத் தெரிந்த ஒரு பேரனோ பேத்தியோ, ஒரு மாலைப்பொழுதில் அருகே அமர்ந்து, "பாட்டி, அந்த முதல் பாடலை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும். அவர் தயங்குவார், மறந்துவிட்டது என்பார், பிறகு மெல்ல முணுமுணுக்கத் தொடங்குவார். இரண்டாம் பாடலை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.